நாலு பேருக்குப் பதிலாக ஒரு கேமரா

காஞ்சிபுரத்தில் பெட்டியோடு வந்து இறங்குகிறவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "கல்யாணம் யாருக்கு?" என்பதுதான். பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர் கேட்டார். விடுதியில் சாவி கொடுத்தவர் கேட்டார். இட்லி கொண்டுவந்து வைத்த அம்மா, சட்னி ஊற்றுவதற்கு முன்னாலேயே கேட்டார். பட்டுப் புடவை எடுக்க இல்லாமல் வேறு எதற்காக ஒருத்தி இந்த ஊருக்கு வரப்போகிறாள்? நான் மூவரிடமும் உண்மையைத்தான் சொன்னேன். இன்னும் முடிவாகவில்லை, வியாழக்கிழமை காலையில் தெரிந்துவிடும் என்று.

மூவரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். எனக்கு வயது நாற்பத்தாறு.

நான் பினாங்குக்காரி. படம் எடுப்பது தொழில். கொஞ்ச காலமாக எனக்கு நிறைய வருவது ஒரே மாதிரி வேலை. ஒரு பையன் தன் காதலியைப் பூங்காவுக்கு அழைத்து வந்து, மண்டியிட்டு, மோதிரத்தை நீட்டி, என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்பான். அந்த நொடியை நான் ஒளிந்திருந்து படமெடுக்க வேண்டும். எங்கள் ஊர்த் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் எனக்கென்றே ஒரு புதர் இருக்கிறது. அங்குள்ள குரங்குகளுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு சீன ஜோடியை எடுத்துவிட்டுப் புதரிலிருந்து வெளியே வந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் பாதிப் பொட்டலத்தோடு எழுந்து ஓடிவந்தான். பெயர் விமல். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. ஊர் முசரவாக்கம். காஞ்சிபுரத்துக்குப் பக்கம். அவன் கட்டிக்கொள்ள நினைக்கும் பெண் பவித்ரா, சின்ன காஞ்சிபுரம். இதே மாதிரி எங்க ஊர்ல வந்து எடுத்துத் தருவீங்களாக்கா என்று கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். தாத்தா பிறந்த நாட்டை நான் பார்த்ததே இல்லை. பார்க்க இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்?

செவ்வாய்க்கிழமை முழுக்க ஆட்டோக்காரர் பாபுவோடு போனது. பூங்காவுக்குப் போக வேண்டும் என்றேன். பட்டுக்கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் அவருக்கு டீ வரவழைத்தார், எனக்குப் பதினொரு புடவைகளை விரித்தார். வெளியே வந்து மறுபடி பூங்கா என்றேன். இன்னொரு பட்டுக்கடை. அங்கேயும் அவருக்கு டீ. மூன்றாவது கடையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவையைப் பார்த்தபோது எனக்கே மனசு ஆடிவிட்டது. பக்கத்தில் யாராவது மாப்பிள்ளை நின்றிருந்தால் அன்றைக்கே முகூர்த்தம் குறித்திருப்பேன்.

"பார்க்குக்கு இன்னாத்துக்கும்மா போற? அங்க ஒண்ணும் விக்க மாட்டாங்களே" என்றார் பாபு. குரலில் உண்மையான கவலை இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் ஊர் இட்லி சாது. தட்டில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். இங்கே கோயில் இட்லி என்று ஒன்று தந்தார்கள். மூங்கில் கூடையில் இலை போட்டு வேகவைத்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டதும் மிளகும் சுக்கும் சேர்ந்து என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. மூன்று சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பினாங்கில் என் பக்கத்து வீடு தெலுங்குக் குடும்பம் என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது. புடவை எடுக்கக்கூட வர ஆள் இல்லை பார், இரண்டாம் கல்யாணமாகத்தான் இருக்கும் என்றார் ஒருவர். எதுவாக இருந்தாலும் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றார் மற்றவர். அதற்காகவே நான்காவது இட்லியும் வாங்கினேன்.

பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். நகராட்சிப் பூங்கா. தண்ணீர் வராத நீரூற்று. அதிலிருந்து நேராக ஒரு நீளமான நடைபாதை. நடைபாதையின் கடைசியில் நீல வண்ணம் பூசிய சிமெண்ட் யானை ஒன்று தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் புங்க மரங்கள். தெருவில் ஆயிரம் ஹாரன் அடித்தாலும் உள்ளே வந்தால் கிளிச் சத்தம்தான். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நடைபாதையின் பாதியில் அடர்த்தியான அரளிச் செடி இருந்தது. அதற்குப் பின்னால் குந்திப் பார்த்தேன். வேலைக்கு மிகவும் தோதான அரளி. காலையில் ஆட்கள் வருவார்களா என்று காவலாளியிடம் கேட்டேன். நம்ம ஊர் ஆளுங்க நாலு பேர் இருப்பாங்க, அவ்ளோதான் என்றார். நடைப்பயிற்சிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் விமலோடு ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். இலை போட்டவர் சும்மா பேச்சுக்கு, தம்பி எந்த ஊரு என்று கேட்டார். பக்கத்துலதான் என்றான் விமல். பக்கத்துல எங்க என்றார் அவர். ரசம் கேட்டு விமல் பேச்சை மாற்றினான். எங்கள் ஊரிலும் இந்தக் கேள்வி உண்டு, எந்த ரப்பர்த் தோட்டத்து ஆள் என்று கேட்பார்கள். என் தாத்தா வந்தவாசிப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். கேட்டால் ஊரைச் சொல்வாராம். தெருவை மட்டும் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் விமல் எதற்கு ரசம் கேட்டான் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

பிறகு ஒத்திகை பார்க்க ஓரிக்கைக்கு பைக்கில் கூட்டிப்போனான். பாலாற்றங்கரையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றான். ஆறு என்றதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட என்னைச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். அவன் என் முன்னால் மண்டியிட்டான். முழங்காலில் முள் குத்தி உடனே எழுந்துவிட்டான். இரண்டாம் தடவை மோதிரப் பெட்டியைத் தலைகீழாகத் திறந்தான். மூன்றாம் தடவை நான் சிரித்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அதே முள் பைக் டயரிலும் ஏறியிருந்தது. வெயிலில் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

அந்த நடையில்தான் எல்லாவற்றையும் சொன்னான். இருவரும் பாலிடெக்னிக் பஸ்ஸில் பழகியவர்கள். ஆறு வருஷம். பஸ்ஸில் ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவளை அவள் தெருமுனை வரை மட்டும் கொண்டுபோய் விட்டிருக்கிறான், தெருவுக்குள் காலடி வைத்ததில்லை. அவள் தெருவில் இருப்பதெல்லாம் சொந்தக்காரர்கள். அவள் அப்பாவுக்கு இரண்டு தறி. இவன் வீடு முசரவாக்கத்தில் சர்ச் தெரு. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இவன் அப்பா கொத்தனார். பினாங்கிலிருந்து இவன் போனில் கட்டிக்கிறியா என்று கேட்டபோது அவள் பதில் சொல்லவில்லையாம்.

"ஒரே ஒரு கண்டிஷன் போட்டாக்கா. ‘ஒளிஞ்சி ஒளிஞ்சி எனக்குப் போதும்பா. எங்க ஊர்ல, பகல்ல, நாலு பேர் பாக்க வந்து கேளு. ஒரு வாட்டிதான், அப்ப பதில் சொல்றேன்’னு."

அப்புறம் எதற்கு யாரும் இல்லாத பூங்காவில், விடிந்தும் விடியாத நேரத்தில் என்று கேட்டேன். அவன் பைக்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"போட்டோ இருக்குமில்லக்கா. அதப் பின்னாடி யார் வேணா பாக்கலாம். நாலு பேர் பாத்த மாதிரிதான?"

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாலு பேருக்குச் சமமாக ஒருத்தியைக் கடல் தாண்டிக் கூட்டி வந்திருக்கிறான்! விடுதிக்கு வந்து லென்ஸைத் துடைக்கும்போதுதான் விஷயம் உறைத்தது. அந்தப் பெண் கேட்டது சாட்சி. இவன் கொண்டுபோவது அரளிக்குப் பின்னால் ஒளிந்த ஒரு பினாங்குக்காரி. ஒரே வாய்ப்பு, அதையும் நானே கெடுக்கப்போகிறேனோ என்று பயந்தேன். ஆனாலும் நன்றாகத் தூங்கினேன், அதை மறைப்பானேன்.

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்கால். வானம் மூட்டமாக இருந்தது. கடைகள் திறக்காததால் பாபு என்னை நேராகப் பூங்காவுக்கே கொண்டுவந்து விட்டார். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றேன். நீரூற்றிலிருந்து யானை வரைக்கும், அறுபது அடி நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில் மாம்பழ நிறப் பட்டு நூல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. ஆறேழு பேர் அதற்கு இரண்டு பக்கமும் நின்று அறுந்த நூல்களை முடிந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்.

இதற்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நெடுக்கு நூலையெல்லாம் இப்படி நீட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்களாம். வழக்கமாகத் தெருவில் நடக்கிற வேலை. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிவிட்டதால், ஒரு வாரமாகப் பாவு பூங்காவுக்கு வருகிறது. காவலாளி சொன்ன நாலு பேர் இவர்கள்தான். எந்தத் தெரு என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். பவித்ராவின் தெரு.

விமலுக்கு போன் போட்டேன். அவன் முன்னாலேயே வந்து யானைக்குப் பின்னால் நின்றிருந்தான். கஞ்சி தடவுகிறவர் தேவராஜ் மாமா, பவி வீட்டுக்கு எதிர் வீடு, தெருமுனையில் பார்த்திருக்கிறேன் என்று கிசுகிசுத்தான். ஓடிவிடாதே என்றேன். ஓட மாட்டானாம். ஆனால் வெளியிலும் வர மாட்டானாம். நான் அரளிக்குப் பின்னால் போய்க் குந்தினேன். வேறு என்ன செய்ய?

விமல் வரச் சொல்லியிருந்த ஆறே காலுக்குப் பவித்ரா வந்தாள். கையில் ஹெல்மெட். பட்டுக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள் என்று விமல் சொல்லியிருந்தான். நீரூற்றைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதற்குள் தேவராஜ் அவளைப் பார்த்துவிட்டார். ஒரு ஆள் குறையுதும்மா, வா என்றார். எதற்கு இந்த நேரத்தில் வந்தாய் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. ஹெல்மெட்டை நீரூற்றுச் சுவரில் வைத்துவிட்டுப் பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அப்போது பார்த்துத் தூறல் விழுந்தது. கஞ்சி ஈரம் காயாத பட்டில் மழை பட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கு ஒரு பக்கம் ஓடிப் பாவைத் தாங்கிப் பிடித்தார்கள். பாவின் ஒரு முனைக் கழியைத் தேவராஜும் பவித்ராவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தார்கள். மறுமுனைக் கழியின் கயிறு யானையின் தும்பிக்கையில் கட்டியிருந்தது. அவசரத்தில் இவர்கள் இழுத்த இழுப்பில் தும்பிக்கை மளுக்கென்று உடைந்து கீழே விழுந்தது.

அந்த ஒரு நொடிக்காக விமல் என்ன தப்பு செய்தாலும் மன்னிப்பேன். பாவு தரையைத் தொடுவதற்குள் யானைக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து இரண்டு கையாலும் கழியைப் பிடித்துவிட்டான். பிடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. பவித்ரா அவனைப் பார்த்தாள். சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"அரளிக்குப் பின்னால குந்திக்கினு இருக்கிற அம்மா" என்று தேவராஜ் குரல் கொடுத்தார். "அப்பலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன். நீயும் வந்து ஒரு கை குடும்மா."

என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை. எழுந்து போனேன். பாவின் நடுவில் அடியில் கைகளை விரித்துத் தாங்கச் சொன்னார்கள், நகம் படக் கூடாது என்றார்கள். கேமரா கழுத்தில் தொங்கியது. கஞ்சி முழங்கை வரை வழிந்தது.

பாவு சுருட்டுவது எப்படி என்றால், ஒரு முனையில் இருப்பவர் ஆடாமல் அசையாமல் விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர்கள் சுருட்டிக்கொண்டே அவரை நோக்கி நடந்து வருவார்கள். ஆகவே விமல் நின்றான். பவித்ரா வந்தாள். ஐம்பது அடி. நாற்பது அடி. முந்திய நாள் ஒத்திகை ஞாபகம் வந்ததோ என்னவோ, பையன் முழங்காலை மடக்கப் பார்த்தான்.

"தம்பி, குந்தாத. பாவு தொய்யுது" என்றார் தேவராஜ்.

முப்பது அடியில் விமல் ஏதோ முணுமுணுத்தான். எனக்கே கேட்கவில்லை. பவித்ரா சுருட்டுவதை நிறுத்தினாள்.

"கேக்கல. சத்தமா சொல்லு. மாமாவுக்கும் கேக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். என்னால் என்ன செய்ய முடியும், இரண்டு கையிலும் பட்டு. தலையை மட்டும் ஆட்டினேன். அவன் தூறலில் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான்.

"பவி, என்னக் கட்டிக்கிறியா?"

கிளிகள் பறந்தன. காதில் இயர்போனோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் அதைக் கழற்றினார். பாவைப் பிடித்திருந்த யாரும் கையை எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. தேவராஜ் மட்டும் நிதானமாகக் கேட்டார், எந்த ஊருப்பா நீ என்று. நான் ரசத்தை நினைத்தேன். இங்கே ரசம் இல்லை.

"முசரவாக்கம்."

"முசரவாக்கத்துல?"

"சர்ச் தெரு. கொத்தனாரு சாமுவேல் பையன். விமல்ராஜ்."

இந்த ஊரில் அவன் இதை முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. தேவராஜ் பவித்ராவின் பக்கம் திரும்பி, உனக்கு இந்தப் பையனைத் தெரியுமா என்றார். ஆறு வருஷமாகத் தெரியும் மாமா என்றாள் அவள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"கட்டிக்கிறேன். கழிய விட்றாத."

"சுருட்டும்மா, மழை பெருசாவுது" என்றார் தேவராஜ்.

சுருட்டினாள். கடைசியில் இருவருக்கும் நடுவில் தலையணைத் தடிமனுக்கு ஒரு பட்டுச் சுருள் மட்டும் இருந்தது. அவன் இரண்டு கையும் கழியில். அவளே அவன் சட்டைப் பையில் கைவிட்டு மோதிரத்தை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். நான் வாய்விட்டு அழுதேன். மூக்கைத் துடைக்கக்கூடக் கை இல்லை.

பாவைத் தார்ப்பாயில் சுற்றிப் பத்திரப்படுத்திய பிறகு விமல் ஓடிவந்து, எடுத்தீங்களாக்கா என்றான். கஞ்சி வழியும் கைகளைக் காட்டினேன். அவன் முகம் வாடிவிட்டது. பவித்ரா என் கேமராவைப் பார்த்து, அவனைப் பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டாள். போட்டோ எதற்கு, எண்ணிப் பார், ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்றாள். அதற்குள் காவலாளி தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இதற்கு யார் பதில் சொல்வது என்றார்.

"எங்க அப்பா கொத்தனாரு. சாயங்காலம் வந்து ஒட்டிக் குடுப்பாரு" என்றான் விமல். இந்த முறை தயங்கவே இல்லை.

தேவராஜ் பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் போய் அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் நாம் போக வேண்டும் என்றாள் பவித்ரா. அவள் ஸ்கூட்டரைப் பூங்கா வாசலிலேயே விட்டுவிட்டு மூவரும் பாபுவின் ஆட்டோவில் ஏறினோம். இப்பவாவது சொல்லும்மா, கல்யாணம் யாருக்கு என்றார் பாபு. இருவரையும் காட்டினேன். அவர் முழுசாகப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் ஒரு மாடும் ஒரு பால்காரரும் நூலிழையில் தப்பித்தார்கள்.

தெருமுனையில் பள்ளம். ஆட்டோ போகாது. ஆறு வருஷமாக விமல் திரும்பிப் போன இடம். பவித்ரா அவன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் நடந்தாள். இரண்டு பக்கமும் கோலம் போட்டவர்கள் நிமிர்ந்தார்கள், தண்ணீர் பிடித்தவர்கள் குடத்தை நிரம்பி வழிய விட்டார்கள். தேவராஜ் வேறு வழியாக வந்து தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார். எதிரே பவித்ராவின் அப்பா, லுங்கியோடு, வெற்று மார்போடு, பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இப்ப எடுங்க. இங்க" என்றாள் பவித்ரா.

கேமராவைத் தூக்கினேன். யாரம்மா நீ, எதற்குப் போட்டோ என்று வாய் நுரையோடு கேட்டார் அப்பா. பவித்ரா ஒரே மூச்சில் சொன்னாள். பெயர், ஊர், தெரு, அவன் அப்பா வேலை, பினாங்கு, ஆறு வருஷம், யானைத் தும்பிக்கை வரைக்கும். அவர் விமலைப் பார்த்தார். எதிர் வீட்டைப் பார்த்தார்.

"பாவு நனையாம புடிச்சான்பா" என்றார் தேவராஜ் அங்கிருந்தே.

அப்பா வாய் கொப்பளித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். உள்ளே போய்விட்டார். கதவு பாதி சாத்திக்கொண்டது. தூக்கிய கேமராவை நான் இறக்கவில்லை. பவித்ராவின் பிடி இறுகி விமலின் விரல்கள் வெளுத்திருந்தன. அவன் தெருமுனைப் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"சட்டை இல்லாம எப்டிம்மா எடுப்ப?" என்றார் என்னிடம்.

படத்தில் அவர் சிரிக்கவில்லை. மகளுக்கும் விமலுக்கும் நடுவில் விறைப்பாக நிற்கிறார், ஒரு பட்டனை மாற்றிப் போட்டிருக்கிறார். விமல் கண்ணை மூடிவிட்டான். பவித்ராவின் கையில் மோதிரத்தோடு கொஞ்சம் கஞ்சியும் தெரிகிறது. நான் எந்தச் செடிக்கும் பின்னால் போகவில்லை. நடுத்தெருவில், பள்ளத்தின் ஓரத்தில், தெருவே பார்க்க நின்று எடுத்தேன்.